தகர வெளிச்சம்

மச்சான்,

நேற்று உன் நாற்பதாம் நாள் கத்தம். ஓதி முடித்து, சனம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு உன் மகள் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அவிழ்த்தால் வட்டமான தகரப் பெட்டி. துருவேறி மூடி இறுகியிருந்தது. கத்தி முனையால் நெம்பினேன். மூடி எழும்பியதும் அச்சாறுச் சாடியைத் திறந்ததுபோல வினாகிரி மணம் முகத்தில் அடித்தது. உள்ளே படச்சுருள். முப்பது வருஷம் அடைத்து வைத்தால் படமும் புளித்துப்போகும் என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

"வாப்பா மவுத்தாகிறதுக்கு மூணு நாளைக்கு முந்தி எடுத்துத் தந்த, மாமா. உங்களிட்டக் குடுக்கச் சொன்ன."

"வேற என்ன சொன்ன?"

"வேற ஒண்டும் சொல்லல்ல."

இன்னொரு தரம் கேட்டேன். அதே பதில்தான். தன் வாப்பாவின் இடது கண்ணை எடுத்தவன் நான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மாமா என்கிறாள். பிறகு தேத்தண்ணி கொண்டுவர உள்ளே போனாள்.

நாம் சிநேகிதமானதே அடிபட்டுத்தான். சாய்ந்தமருதுக் கரையில் வலை போடும் முறை யாருடையது என்ற சண்டையில் நீ என் உதட்டைக் கிழித்தாய். நான் உன் விலாவில் உதைத்தேன். இரண்டு பேரும் மண்ணும் இரத்தமும் துப்பிக்கொண்டு குந்தியிருந்தபோது உனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அந்தக் கரையில் அப்போது கதைத்துத் தீர்த்ததைவிட அடித்துத் தீர்த்ததுதான் கூட. எனக்கு எப்போதும் வாய்க்கு முந்திக் கை போகும். உனக்கும் அப்படித்தான், உன் மகன் போகும் வரைக்கும்.

சபூருக்கு ஏழு வயது. வாடைக் காலத்து ஒரு விடியற்காலை, வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையை ஒரே அலை கொண்டுபோனது. நீ துடுப்பைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கடலை அடித்தாய். மனிதனை அடிப்பதுபோலவே அடித்தாய். துடுப்பு முறிந்தது. முறிந்த கட்டையாலும் அடித்தாய். உள்ளங்கை பிளந்து இரத்தம் முழங்கை வரை வழிந்தது. நாலு பேர் சேர்ந்து உன்னைக் கரைக்கு இழுத்தோம். எனக்கு மூக்கில் ஒன்று விழுந்தது. மூன்றாம் நாள் பிள்ளை பாலமுனைக் கரையில் ஒதுங்கினான். கபன் துணி சுற்றி அடக்கினோம்.

அதன் பிறகு நீ யாரையும் அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் நின்றாய், குனிந்தாய், நிமிர்ந்தாய். நீ தேறிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். மடையன் நான்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் கொழும்பிலிருந்து அந்தப் படக்காரர் வந்தார். சின்னதொரு கமரா, மூன்று கால் தாங்கி, வெள்ளைக் காற்சட்டை. கல்முனைக் கொட்டகையில் படம் பார்ப்பது பாவம் என்று சொல்லிக்கொண்டே பாதி ஊர் அங்கே இருட்டுக்குள் உட்கார்ந்திருந்த காலம் அது. நம் கரையிலேயே படம் எடுக்கப் போகிறார்கள் என்றதும் மீதிப் பாதியும் கடற்கரைக்கு வந்துவிட்டது.

அவருடைய கதை உன்னைத் தேடி வந்ததுபோல இருந்தது. மகனைக் கடலுக்குக் கொடுத்த மீன்காரன், ஒருநாள் தொழுகையை நடுவில் முறித்துக்கொண்டு போகிறான். பல நாள் அலைந்து கடைசியில் பள்ளிக்குத் திரும்புகிறான். அந்த முறிக்கிற இடத்துக்காக அவர் ஒரு பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தார். இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, இறைவனைக் கேள்வி கேட்டுக் கதறும் வசனம். தோணி நிழலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். கேட்டவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். நீ மட்டும் இல்லையென்று தலையை ஆட்டி, அண்ணன் முறை வைத்து அவரை நானா என்று கூப்பிட்டாய்.

"நானா, இது பொய்."

"ஏன் தம்பி?"

"ஈமான் போற மனிசன் சத்தம் போடமாட்டான். சத்தம் போடுறவன், கேக்கிறதுக்கு ஒருத்தன் இரிக்கான் எண்டு நம்புறவன்."

"அப்ப அவன் என்ன செய்வான்?"

"ஓதிக்கிட்டு நிக்கக்குள்ள ஒரு சொல்லு வராது. அவ்வளவுதான்."

படக்காரர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, நீயே நடிக்க வேண்டும் என்றார். நீ ஓம் என்றாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எனக்கும் அங்கே வேலை தந்தார்கள், வாயை மூடிக்கொண்டேன்.

பள்ளி நிர்வாகத்தின் தலைவர் மரைக்கார் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டார். தொழுகையை விளையாட்டாக்க விடமாட்டேன் என்றார். பின்னர் மார்க்கம் படித்த பெரிய லெவ்வையிடம் கேட்டு ஒரு வழி சொன்னார். நீ ஒளு எடுக்கக் கூடாது. நிய்யத் வைக்கக் கூடாது. கழுவிச் சுத்தமாகாமல், மனதில் எண்ணம் வைக்காமல் நின்று குனிந்தால் அது தொழுகை ஆகாது, வெறும் அசைவுதான். அதை நடுவில் விட்டாலும் குற்றமில்லை. "இதுக்கு ஆரு பொறுப்பு?" என்று கேட்டார். நான் பள்ளிக்குள் நின்று வலது கையைத் தூக்கி, நான் பொறுப்பு என்றேன். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

படம் எடுத்த காலை உனக்கு நினைவிருக்கும். நம் கரையில் தொழும் திசையான கிப்லாவை நோக்கி நின்றால் கடல் முதுகுப் பக்கம். சூரியன் கடலுக்கு மேலே ஏறியிருந்தது, உன் முகம் நிழலில் இருந்தது. என் வேலை அதற்குத்தான். மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி விரித்துப் பலகையில் அறைந்து, சாம்பல் போட்டு மினுக்கிய ஒரு தட்டு. அதைக் கமராவுக்குப் பக்கத்தில் நின்று பிடித்து, வெயிலை உன் முகத்துக்குத் திருப்ப வேண்டும். கமரா சாவி முறுக்குகிற வகை. ஒருதரம் முறுக்கிப் பொத்தானைக் கொளுவிவிட்டால், ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அரை நிமிஷம் ஓடி நிற்கும்.

நீ கிணற்றடியிலிருந்து வந்தாய். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முன்தலை முடி நனைந்திருந்தது.

"மச்சான், ஒளு எடுத்தயா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தட்டப் புடி. முகத்தில வெளிச்சம் விழட்டும்."

அப்போதே தட்டைக் கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நீ பாயில் நின்றாய், கையை உயர்த்தித் தக்பீர் கட்டினாய். நான் திருப்பிய வெயில் உன் முகத்தில் நின்றது. உதடு அசைந்தது. தொடக்க ஓதல் முடிந்து பிஸ்மிக்கு வந்தாய். இறைவனை அருளாளன் என்கிற சொல்லில் உன் உதடு நின்றது. மறுபடி அசைத்தாய். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தரம் உதடு திறந்தபடியே இருந்தது. பிறகு கட்டிய கை தானாக அவிழ்ந்து விழுந்தது. கடல் பக்கம் திரும்பி நடந்தாய்.

சுற்றி நின்ற சனம், ஆகா என்ன நடிப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தது. நடிப்பில்லை என்று தெரிந்தவன் அந்தக் கரையில் நான் ஒருவன்தான்.

தட்டோடு ஓடினேன். அதன் ஓரத்தை உன் தலைக்கு வீசினேன். தகரம் எலும்பில் படுகிற சத்தம் கையில் கேட்டது, காதில் அல்ல. நீ முழந்தாளில் விழுந்தாய். விரல்களுக்கிடையால் இரத்தம் பாயில் கொட்டியது. "ஒளுவோட நிண்டவன்டா! தொழுகைய முறிச்சுப்போட்டான்!" என்று கத்தினேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது. உன்னோடு ஒரே கயிற்றை இழுத்தவர்கள் உன் விலாவில் மிதித்தார்கள். அந்தப் பாயையே உன் கழுத்தில் சுற்றி இழுத்தான் ஒருவன். தடுக்க ஓடிவந்த படக்காரரின் பல்லை உடைத்தார்கள். கமராத் தாங்கியின் காலைப் பிடுங்கி அதனாலும் உன்னை அடித்தார்கள். மீன் கத்தியோடு ஒருவன் வந்தான். மீன் வாங்க வந்திருந்த பாண்டிருப்பு வண்டில்காரர் அவனைக் கட்டிப் பிடித்திருக்காவிட்டால் உன் நாற்பதாம் நாள் அப்போதே முடிந்திருக்கும். அவர்தான் உன்னை வண்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் ஏறவில்லை.

ஒரு மாதம் கழித்து, முகத்தில் கட்டோடு உன்னைப் பள்ளியில் நிறுத்தி விசாரித்தார்கள். மரைக்கார் நல்ல மனிதர். உனக்கு வழி திறந்துவிடத்தான் பார்த்தார்.

"நடிச்சதெண்டு ஒரு சொல்லுச் சொல்லு மனே. இதோட விட்டிருவம்."

"நடிக்கல்ல. சபூர் போன அண்டைக்கு விட்டுப்போன விடியச் சுபஹக் கழாவாத் திருப்பித் தொழத்தான் நிண்டன். அண்டையிலரிந்து நான் தொழல்ல. பள்ளியில நிண்டன், தொழல்ல. படம் புடிச்ச அண்டைக்குத்தான் நிய்யத்து வெச்சன். ஒரு சொல்லு வரல்ல."

"அதுக்குப் படம் புடிக்கிற இடமா?"

"ஒளு இல்லாம நிண்டா, வராத சொல்லு வந்திரும். அது பொய்யாப் போயிரும்."

அடுத்தது என் முறை. அவன் தொழுகையை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான், அடித்தேன் என்றேன். மரைக்கார் உன்னைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். நீ மிஞ்சிய ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாய்.

"அவன் சொன்னாச் சரி," என்றாய்.

வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் சொல்லச் சொன்னார்கள். ஒரு சொல் வராதவனுக்கு அது மட்டும் எப்படி வரும் என்று கேட்டாய். உன்னை ஊரிலிருந்து விலக்கினார்கள். உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகவில்லை. நாலு வருஷம் பாண்டிருப்புக் கரையில் மற்றவர்களின் வலையை இழுத்தாய். எனக்கோ ஊரில் மதிப்புக் கூடியது. கடைத்தெருவில் எழும்பி இடம் கொடுத்தார்கள், கலியாண வீடுகளில் முன் பாயில் இருத்தினார்கள். நானும் கூசாமல் இருந்தேன்.

பழைய மரைக்கார் மவுத்தான பிறகு ஒருநாள் நீயாகவே பள்ளிக்கு வந்து கடைசி வரிசையில் நின்றாய். ஒருவரும் தடுக்கவில்லை. உன்னோடு கதைக்க எனக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் எடுத்தது. செருப்புப் போடுகிற இடத்தில் வைத்துக் கேட்டேன்.

"அந்தச் சொல்லு வந்திச்சா?"

"சில நாள் வருது. சில நாள் வரல்ல."

"வராத நாளைக்கு?"

"வராத நாளும் நிக்கிறன்."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். அதைக் கேட்காமல் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனேன்.

இன்று காலை மணிக்கூட்டுக் கடைக்காரரிடம் கண்ணில் கொளுவுகிற பூதக்கண்ணாடியை இரவல் வாங்கினேன். சுருளில் பாதி ஒட்டிக் கட்டியாகிவிட்டது. மீதியை யன்னலில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிக் கிடக்கிறது. நக அளவு கட்டங்கள். நீ நிற்கிறாய். பிறகு உன் முதுகு. ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடி. அங்கே நிற்கிறாய். பிறகு முதுகு இல்லை, முகம். கட்டத்துக்குக் கட்டம் முகம் பெரிதாகிறது. பாயை நோக்கி வருகிறாய். ஒரு கால் பாயில் பட்ட பிறகுதான் ஓரத்தில் என் தோள் தெரிகிறது. கமராவை ஓடவிட்டுவிட்டுத்தான் படக்காரர் உன்னைக் காப்பாற்ற ஓடியிருக்கிறார். பிறகு சுருளைக் கழுவி உனக்கே அனுப்பியிருக்க வேண்டும்.

இதை அறியப் படச்சுருள் எதற்கு, மச்சான்? உன் தழும்பு இடது புருவத்தில் தொடங்கித் தாடையில் முடிந்தது. கடலைப் பார்த்துப் போகிறவனைப் பின்னால் ஓடிவந்து அடித்தால் காயம் பிடரியில் அல்லவா இருக்கும்? முப்பது வருஷம் ஊரே அந்த முகத்தைப் பார்த்தது. ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அடித்த அன்றே தெரியும். நீ திரும்பியதைக் கண்டேன். போகிறவனை அடிக்க ஓங்கிய கை, வருகிறவனைக் கண்டும் நிற்கவில்லை. பள்ளியில் தூக்கிய கைக்குப் பங்கம் வந்த கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அந்தச் சொல்லை நான் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் நாக்கு நின்றதில்லை. நிற்கிற அளவுக்கு நான் அதை நினைத்ததே இல்லை. உன் முகத்தில் நான் விழுத்திய வெளிச்சத்தில் அது எனக்குத் தெரிந்துபோயிற்று. பொறுக்க முடியவில்லை.

கடைசிக் கட்டங்களில் உன் வாய் திறந்திருக்கிறது. அந்தச் சொல் வந்துவிட்டதா, இல்லை, ஓடிவருகிற என்னைப் பார்த்து மச்சான் என்றாயா? தொழத்தான் திரும்பினாயா, பாயைச் சுருட்டி எடுக்கத் திரும்பினாயா? உன்னை அடித்தவன் கையில் ஆதாரத்தையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய், பதிலைக் கொடுக்கவில்லை. நீ இருக்கும்போது கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பாய். பொய் சொல்ல உனக்கு வராது.

பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். முன் வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள். வேண்டாம் என்று கடைசி வரிசையில், உன் இடத்தில் நின்றேன். தக்பீர் கட்டினேன். பிஸ்மியில் அந்த இடத்துக்கு வந்ததும் என் நாக்கு நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் தரம். மறுபடி முயன்றேன், வரவில்லை. எல்லாரும் ருகூவுக்குக் குனிந்துவிட்டார்கள், நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். வாசல் பக்கம் திரும்பி நடக்கக் கால் இழுத்தது. மூன்று அடி போய்விட்டு நான் திரும்பி வந்தாலும் என்னை அடிக்க அங்கே ஒருவரும் இல்லை. நீ திரும்பி வந்தபோது நான் இருந்தேன்.