பெயர் சொல்லி ஜெபித்தோம்

ஈஜிபுரா, பெங்களூரு
15 ஜூன் 2024

கர்த்தருக்குள் பிரியமான ஆஞ்சலாவுக்கு,

உன் நோரா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அவருக்கு மட்டும் முழங்கால் வலி. மாத்திரையை டிராயரில் பத்திரமாக வைத்துவிட்டு, வலிக்கிறது என்று என்னிடம் புகார் சொல்கிறார். ஆம்பூரில் வெயில் குறைந்ததா? இங்கே ஒரு மழை பெய்தால் போதும், எங்கள் தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு. சம்பளம் பழையது, வேலை மட்டும் இரண்டு மடங்கு. லாயிட் சார் ஓய்வு பெற்றுவிட்டதால் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலத்தோடு பைபிளும் நானே எடுக்கிறேன். "பாஸ்டர் மகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா மிஸ்" என்று சொல்லி ஹெட்மாஸ்டர் ஜெயராஜ் சார் என் தலையில் கட்டிவிட்டார். முன்பெல்லாம் நம் பிள்ளைகள் பைபிளுக்கும் மற்றவர்கள் நீதிபோதனைக்கும் பிரிந்து போவார்கள். இப்போது நீதிபோதனைக்கு ஆள் இல்லாததால் எல்லாரும் என் வகுப்பிலேயே உட்காருகிறார்கள். நம் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். மற்றவர்கள்தான் கேள்வி கேட்டுக் குடைகிறார்கள். ப்ரஹ்லாத் என்று ஒருவன், நோவா எதற்காகக் கொசுவையும் பேழையில் ஏற்றினார் என்று கேட்கிறான். எனக்கும் பல நாளாக அதே சந்தேகம்தான்.

ஆனால் நேற்று ஒரு பெண் கேட்டதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. ஆகார் கதை நடத்தியிருந்தேன். எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிய வேலைக்காரப் பெண். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று தூதன் கேட்கிறான். அவள் உள்ளதைச் சொல்கிறாள். அந்த வீட்டுக்கே திரும்பிப் போ என்கிறான். இதை ஆங்கில வகுப்பில் அவரவர் சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னேன். சிந்து என்று ஒரு புதுப் பெண், சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காதவள், எழுந்து நின்று தமிழில் கேட்டாள்.

"அவ ஏன் மிஸ் சொன்னா? யாரு கேட்டாலும் எங்கருந்து வந்தோம்னு சொல்லக் கூடாது இல்ல?"

கேட்டது தேவதூதன் ஆயிற்றே என்றேன்.

"தூதன்னு அவளுக்கு எப்படி மிஸ் தெரியும்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பாஸ்டர் மகள் அவசரமாக அடுத்த பிள்ளையைச் சொல்லச் சொன்னேன், ஆஞ்சலா. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாலைக்குள் நம் டிரெய்னிங் ஸ்கூல் குரூப் முழுக்கப் பரவிவிடும். நமக்கு நம் இன்லேண்ட் லெட்டர்தான் சரி. எழுதினால் நீ ஒருத்திதான் படிப்பாய்.

ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

உன் நோரா

*

ஆம்பூர்
24 ஜூன் 2024

என் அருமை நோராவுக்கு,

இயேசுவின் அன்பு உன் வீட்டை நிரப்பட்டும். கடிதம் கிடைத்தது. ஈஸ்டருக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை. பெங்களூருக்காரி ஆனதும் ஆம்பூர் பிரியாணிகூட உன்னை இழுக்க மாட்டேன் என்கிறது.

அந்தச் சிந்துவைப் பற்றிப் படித்ததும் என் மனதில் பாரம் ஏறிவிட்டது. வியாழக்கிழமை எங்கள் சகோதரிகள் ஐக்கிய ஜெபக் கூட்டத்தில் சொல்லலாம் என்றால், என்ன சொல்வது? உனக்கே தெரியும், எங்கள் ஐக்கியத்தில் பொத்தாம்பொதுவாக ஜெபிப்பதில்லை. பெயர், ஊர், காரியம் மூன்றையும் சொல்லித்தான் கர்த்தரிடம் கேட்போம். அப்படிக் கேட்ட எதையும் அவர் தள்ளியதில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று மெதுவாக விசாரித்து எழுது.

முழங்காலுக்கு விளக்கெண்ணெய் தடவச் சொல்.

என்றும் உன்,
ஆஞ்சலா

*

ஈஜிபுரா
13 ஜூலை 2024

பிரியமான ஆஞ்சலாவுக்கு,

விசாரிக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. சிந்துவின் அம்மா உஷா நேற்று என்னைப் பார்க்க வந்தார். பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. பிள்ளை வகுப்பில் ஏதோ கேட்டுவிட்டாளாமே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஆரம்பித்து, உட்கார்ந்து அழுதார்.

உன் ஊர்ப் பக்கம்தான், வாணியம்பாடி. கணவன் பெயர் சண்முகம், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வெளியில் பார்த்தால் தங்கமான மனிதன் என்றுதான் எல்லாரும் சொல்வார்களாம். சிந்துவைக் கூப்பிட்டு யூனிபார்ம் கையை மேலே தூக்கிக் காட்டினார். முழங்கைக்கு மேலே இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருக்கிறது. சட்டையை மடிப்பு விழாமல் தேய்க்கவில்லை என்பதற்காகப் பெற்ற பிள்ளைக்கு அப்பன் செய்தது. அன்றைக்கே பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறியவர், இங்கே ஒற்றை அறையில் இருக்கிறார். ஜெயராஜ் சார் அப்பன் கையெழுத்து எதையும் கேட்காமல் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே இருப்பது பிறந்த வீட்டுக்குக்கூடத் தெரியாதாம். தெரிந்தால் அவன் வந்து இரண்டு பேரையும் கொன்றுவிடுவான் என்று சாதாரணமாகச் சொன்னார்.

போகும்போது கையெடுத்துக் கும்பிட்டு, "உங்க சாமிகிட்ட சொல்லுங்க மிஸ். வேற யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

அதனால் உனக்கு மட்டும் எழுதுகிறேன். உஷா, சிந்து. இந்த இரண்டு பெயரையும் உன் ஜெபத்தில் வைத்துக்கொள். எனக்குத் தனியாக ஜெபிக்கத் தெம்பு வரவில்லை.

உன் நோரா

*

ஈஜிபுரா
19 ஆகஸ்ட் 2024, திங்கள்

ஆஞ்சலா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். சண்முகம் இன்று எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டான்.

பள்ளி விடும் நேரம். வாட்ச்மேன் வந்து, உங்களைப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்றார். போனேன். வெள்ளைச் சட்டை, ஒரு மடிப்பு இல்லை. கையில் பைபிள். அதற்கு நாம் ஹாஸ்டலில் தைத்தது போலவே நீலப் பூ போட்ட துணி உறை. அதைப் பார்த்ததுமே எனக்கு மனது இளகிவிட்டது. "ஸ்தோத்திரம் சிஸ்டர், ஏழாங்கிளாஸ் பைபிள் டீச்சர் நீங்கதானே" என்றான். யாரோ புது விசுவாசி, பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து நானே கேட்டைத் திறக்கச் சொன்னேன். நானே, ஆஞ்சலா. வராந்தாவில் உட்கார வைத்துத் தண்ணீர்கூடக் கொடுத்தேன்.

அப்போது ஏழாம் வகுப்பு படியிறங்கி வந்தது. சிந்து அவனைப் பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டில் விழுந்து படிப்படியாக உருண்டது. பிறகு அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

"அம்மா எங்கடி?" என்று அவன் எழுந்தான். குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அவள் திரும்பி ஓடி டாய்லெட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் வழியை மறித்தேன். என்னைத் தள்ளியதில் தோள் தூணில் இடித்தது. ஜெயராஜ் சாரும் வாட்ச்மேனும் சேர்ந்து அவனைக் கேட்டுக்கு வெளியே இழுத்துப்போட்டார்கள். வாட்ச்மேன் உதடு கிழிந்துவிட்டது. போலீஸ் வருவதற்குள் அவன் போய்விட்டான். "ஈஜிபுராவிலதானே இருக்காங்க, எத்தனை தெரு இருந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உஷாவை ஜெயராஜ் சார் எப்படியோ வரவழைத்தார். அம்மாவும் மகளும் பின் கேட் வழியாகப் போனார்கள். சிந்து என்னிடம் பேசவில்லை. நான் அவர்கள் அறைக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. பாயும் குடமும் அப்படியே கிடக்கின்றன, அவர்கள் இல்லை.

என் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது? ஜெயராஜ் சாரையும், சேர்க்கைக் காகிதங்களைப் பார்க்கும் ஆபீஸ் கிளார்க் டொமினிக்கையும் தவிர, சிந்து இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்? காசுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா என்று எல்லார் முன்னாலும் டொமினிக்கைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குற்றம் செய்தவர் வேறு எப்படி நிற்பார்?

ஜெபி, ஆஞ்சலா.

நோரா

*

ஆம்பூர்
20 ஆகஸ்ட் 2024

என் அருமை நோராவுக்கு,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்கே தெரிந்திருக்கும். சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உஷா, சிந்து, வாணியம்பாடி என்று பெயரும் ஊரும் சொல்லி ஐக்கியத்தில் கண்ணீரோடு ஜெபித்தோம். ஆமென் சொல்லி எழுந்ததும், ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு சகோதரி, "இவங்க எங்க சூப்பர்வைசர் சண்முகம் சாரோட சம்சாரமாச்சே" என்றாள். எனக்குச் சிலிர்த்துப்போயிற்று. கர்த்தர் நடத்தாமல் இப்படி நடக்குமா? சகோதரிகள் ஐக்கியம் என்றாலும், அடுத்த வியாழக்கிழமை அவள் அவரைக் கூட்டி வந்தாள். எங்கள் நடுவில் முழங்கால்படியிட்டு, நான் பாவி, என் பிள்ளையை ஒரு தடவை பார்த்து மன்னிப்புக் கேட்டால் போதும் என்று குழந்தை மாதிரி அழுதார். கல்லும் கரைந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. மனம் திரும்பிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சாட்சியும் சொன்னார்.

நான்தான் உன் பள்ளியின் பெயரையும் உன் பெயரையும் சொல்லி அனுப்பினேன். கையில் வேதம் இல்லாமல் போக வேண்டாம் என்று, நீ தைத்துக் கொடுத்த நீலப் பூ உறையோடு என் பைபிளையே கொடுத்தேன். அதைப் பார்த்ததுமே நான் அனுப்பிய ஆள் என்று உனக்குப் புரிந்திருக்குமே.

சிந்து அப்பாவைப் பார்த்ததும் என்ன செய்தாள்? ஒன்றுவிடாமல் எழுது. வியாழக்கிழமை சாட்சியாகப் படிக்க வேண்டும்.

ஆனந்தத்தோடு உன்,
ஆஞ்சலா

*

ஆம்பூர்
2 செப்டம்பர் 2024

நோரா,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்துபோயிருக்கின்றன. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போனை நீ எடுக்கவில்லை. சண்முகம் ஐக்கியத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஆனால் என் வீட்டுக்கு வந்தான். அவர்கள் எங்கே என்று டீச்சருக்குத் தெரியாமல் இருக்காது, கேட்டுச் சொல்லுங்கள் சிஸ்டர் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். கதவைச் சாத்திவிட்டேன்.

நான் நல்லது என்று நினைத்துத்தான் செய்தேனடி. அந்த அம்மாவின் காலில் நான் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்கள் எங்கே போனார்கள்? எனக்கு மட்டும் எழுது. இந்த முறை யாரிடமும் சொல்ல மாட்டேன், ஐக்கியத்தில்கூட வாய் திறக்க மாட்டேன்.

உன் ஆஞ்சலா

*

5 அக்டோபர் 2024

ஆஞ்சலாவுக்கு,

மேலே ஊர்ப் பெயர் எழுதவில்லை, கவனித்திருப்பாய். சண்முகம் மறுபடியும் பள்ளிப் பக்கம் வந்தான். என் பின்னால் நடந்தால் அவர்களிடம் போய்ச் சேரலாம் என்று நினைக்கிறான் போலிருக்கிறது. நாங்கள் வீடு மாறிவிட்டோம். ஜெயராஜ் சார் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஜெயராஜ் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பைபிள் வகுப்பு வேண்டாம், ஆங்கிலம் மட்டும் எடுக்கிறேன் என்றேன். சரி என்றார், ஏன் என்று கேட்கவில்லை. டொமினிக்கிடம் ஸ்டாப் ரூமில், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மிஸ் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசுவதில்லை.

உன் பைபிள் கேட்டில் விழுந்து கிடந்தது, வாட்ச்மேன் எடுத்து வைத்திருந்தார். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உறையை மட்டும் கழற்றிவிட்டேன்.

உன்மேல் கோபமா என்று கேட்டால், ஆமாம், இருக்கிறது. நினைத்தால் நெஞ்சு எரிகிறது. ஆனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த அம்மா சாமியிடம் சொல்லச் சொன்னார். நான் உன்னிடம் சொன்னேன். சாமியிடம் சொல்வதும் உன்னிடம் சொல்வதும் எனக்கு இத்தனை வருஷமாக ஒன்றாகவே இருந்திருக்கிறது.

அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும் என்றும் எழுத மாட்டேன், தெரியாது என்றும் எழுத மாட்டேன். நீ அழுதுகொண்டுதான் கேட்கிறாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவனும் அழுதுதான் கேட்டான். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று அந்தப் பிள்ளை ஜூன் மாதமே எனக்குச் சொல்லிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இனிமேல் எழுத மாட்டேன். எங்களுக்காக ஜெபிக்கவும் வேண்டாம்.

நோரா