சிவக்காத கண்

என்னங்க,

கோவளத்தில் விடியற்காலைக் கடல் பால் போலக் கிடக்கிறது. காற்றுப் பட்டால் கண் எரிவதால், அம்மா வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறேன்.

நேற்று அண்ணன் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். என் கருவிழிக்குள் ஓடும் நரம்புகளைப் படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரே ஒவ்வொரு நரம்பையும் தேடிக் கோடு போட்டது. தண்ணீருக்கடியில் வெள்ளை நூல்கள் மிதப்பது போல அவ்வளவு அழகு. ஆனால் பாதி நூல்கள் நடுவிலேயே அறுந்திருந்தன.

"இன்னாம்மா, மீனு கிழிச்ச வலை மாதிரி கீது!" என்றார் அண்ணன்.

"வலி நரம்புல இருக்கும்மா. அதான் வெளியே தெரியல" என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் பட்டு எரிந்தது, ஆனாலும் இதமாக இருந்தது.

திருமுடிவாக்கம் பட்டறையில், வெல்டிங் வெளிச்சம் பட்டுச் சிவந்த கண்களையே பார்த்துப் பழகியவர் நீங்கள். கண் எரிகிறது என்று நான் சொன்னால், தினமும் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள். "செவக்கவே இல்ல, இன்னாத்துக்கு ஆக்ட் குடுக்குற?" என்பீர்கள். கடைசியாக அதைக் கேட்ட அன்றுதான் பஸ் ஏறினேன்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அனுப்பமாட்டேன். அதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள் என்றால், என் வலியைக் கண்டுபிடித்த அந்தக் கம்ப்யூட்டரே எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி