உடைய மறுத்த வங்கி

மார்ச் 4

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். வேளைக்குச் சாப்பிடுகிறேன், அதையாவது நம்பு. அப்பா போனதிலிருந்து என் எழுத்து இன்னும் கோணலாகிவிட்டது. பொறுத்துப் படி.

நீ வேலை பார்க்கும் வங்கியோடு எனக்குச் சண்டை. நம் தெருவில் இருந்த குட்டி வங்கியை உங்கள் பெரிய வங்கி விழுங்கிவிட்டதே, அதில் இருந்த காசாளர் அம்மா அப்பாவின் இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். இப்போது போன் செய்தால் இயந்திரம் பேசுகிறது. அப்பாவின் கணக்கை மூட, கணக்குக்காரர் தன் குரலில் பேச வேண்டுமாம். "அவர் செத்துப் போயிட்டாரும்மா" என்றேன். "மன்னிக்கவும், சற்று உரக்கப் பேசச் சொல்லுங்கள்" என்கிறது.

அதனால் நம் தெருத் தையல்காரர் நடத்தும் இயக்கத்தில் சேர்ந்துவிட்டேன். பெரிய வங்கிகளை ஊருக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறோம். கோபித்துக்கொள்ளாதே.

உன் அம்மா

மார்ச் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

செய்தித்தாளில் உங்கள் படம் வந்திருக்கிறது. கையில் பலகை: "வயிறு வீங்கிய வங்கியை வகுந்து கொடு!" மேலாளர் அதை என் மேசையில் வைத்து, "மூக்கு உங்க மூக்கு மாதிரியே இருக்கே, யாரு?" என்றார். தூரத்து உறவு என்று சொல்லிவிட்டேன். பதவி உயர்வு வரும் நேரம். தயவுசெய்து வீட்டில் இருங்கள்.

மகன்

மார்ச் 20

மகனுக்கு,

தூரத்து உறவுதான். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கத் தூரம்.

மூடிக்கிடக்கும் நம் தெருக் கிளை வாசலில், வங்கி மாதிரி ஒரு மரப்பெட்டி செய்து எல்லோர் முன்னாலும் உடைப்பதாகத் திட்டம். அதைத் தச்சரிடம் கொடுத்தது தப்பு. அந்த மனுஷனுக்கு மட்டமாக வேலை செய்ய வராது. பசை, ஆணி, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை. அடித்தால் சுத்தியல் எகிறுகிறது. "ஏய்யா, உடைக்கறதுக்குத்தானே கேட்டோம்?" என்று தையல்காரர் கத்தினார். "உடையற மாதிரி செஞ்சா நாளைக்கு எவன் எனக்கு வேலை குடுப்பான்?" என்கிறார் தச்சர். வங்கிக் காவலாளியே மனசு கேட்காமல் வந்து, "அடியில தட்டிப் பாருங்கம்மா" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. அதன்மேலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தோம்.

ஒன்று கேட்கிறேன். அப்பா குரலைப் பதிந்து, கணக்குக்குச் சாவி மாதிரி வைத்திருக்கிறார்களாமே. வீட்டில் போட்டோ இருக்கிறது, குரல் இல்லை. வங்கியை நாங்கள் உடைப்பதற்குள் அதை எடுத்துக் கொடுத்துவிடு.

தூரத்து உறவுக்காரி

ஏப்ரல் 9

அம்மா,

குரல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மூன்றாம் மாடி ஏழாம் மாடியைக் காட்டியது. ஏழாம் மாடி கீழ்த்தளத்தைக் காட்டியது. கீழ்த்தளத்தில் இருந்தவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்க துறையிலதானே சார் இருக்கு?" என்றார். எனக்குப் பின்னால் இரண்டாவது மேசையாம்!

அனுமதிக்கு மேலாளரிடம் போனேன். "யாருக்கு வேணும்?" என்றார். "அந்தப் படத்துல பலகையோட நிக்கிறாங்களே, எங்க அம்மாவுக்கு" என்றேன். மூக்கைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பதவி உயர்வு போனால் போகட்டும்.

குரலைப் பதியும்போது "என் குரலே என் சாவி" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அப்பா இரண்டு முறை ஒழுங்காகச் சொல்கிறார். மூன்றாவதை நேரில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

உங்கள் மகன்

ஏப்ரல் 16

என் கண்ணே,

இயக்கத் தாளில் நீ போட்ட கையெழுத்தைத் தையல்காரர் தெருவெல்லாம் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை நீ உதைத்ததில் பெட்டியின் ஒரு மூலை விட்டுப்போயிருந்தது. எல்லோரும் கைதட்டினோம். மறுநாளே தச்சர் வந்து சரிசெய்துவிட்டார்.

நீ போனதும் அப்பா குரலை மறுபடி போட்டுக் கேட்டேன். "என் குரலே என் சாவி. என் குரலே என் சாவி. ஏய் இவளே, அடுப்புல பால் பொங்குது பாரு!" இதைப் போய்ச் சாவி என்று பூட்டி வைத்திருந்தார்களே, எவ்வளவு பெரிய வங்கி!

கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

உன் அம்மா