சத்தம் போனால் போகட்டும் என்றவருக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று மதியம் கம்பெனிச் சாப்பாட்டு அறையில், பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், "எத்தனை நாளா இப்படி அடைக்கி?" என்று கேட்டேன். "அடைக்கல்லாம் இல்லக்கா, தக்காளிச் சோறு ரொம்பக் காரம்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்கும் அப்படித்தானே தொடங்கியது. முதலில் சப்பாத்தி அடைத்தது, பிறகு சோறு, கடைசியில் டீ மட்டும்தான் உள்ளே போனது.

அப்போது நெருப்பெரிச்சல் ஊரிலிருந்த பனியன் கம்பெனியில் நீங்கள் எங்கள் தையல் லைனுக்குச் சூப்பர்வைசர். நான் சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள். நீங்கள் சோமனூரில் விசைத்தறிக்கு நடுவில் வளர்ந்தவர். மெதுவாகப் பேசவே உங்களுக்கு வராது. அத்தனை மெஷின் ஓடும்போதும் கடைசி வரிசை வரை கேட்கும். "ஏங் கண்ணு, இந்தத் தையல் நொய்யல் ஆறாட்ட வளைஞ்சு போகுது பாரு, பிரிச்சுப் போடு." முதல் நாள் அந்தக் குரலுக்குப் பயந்து அழுதேன். மாதம் முடிவதற்குள், அது கேட்காத நாளில் எனக்குக் கை ஓடவில்லை.

உணவுக்குழாயில் புற்றுநோய் என்று கோயம்புத்தூரில் சொன்னார்கள். உங்கள் வீட்டுக்காரர் டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலே கண் கலங்கிவிடுவார் என்று என்னையும் துணைக்குக் கூட்டிப்போனீர்கள். மருந்தும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு, அறுவை சிகிச்சை செய்யப்போகும் டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். குழாயை எடுத்துவிட்டு, வயிற்றையே குழாய் போலாக்கி மேலே இழுத்துத் தைப்பார்களாம்.

"சுத்தியும் சின்னச் சின்னக் கணுக்கள் இருக்கும்மா. கால்ல புண் வந்தா தொடை இடுக்குல நெறி கட்டுதில்ல, அதே மாதிரிதான். நோய் முதல்ல பரவுற இடம் அது. ஸ்கேன்ல தெரியாமலும் இருக்கலாம்" என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "சில கணுக்கள் பேச்சுக்கான நரம்பை ஒட்டி இருக்கு. அதை எடுக்கறப்ப நரம்பு அடிபடலாம். குரல் போயிரலாம். சில மாசத்துல திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்."

"எடுத்துட்டா எத்தனை வருசம் இருப்பேனுங்க?"

"வருசக்கணக்கு என்னால சொல்ல முடியாதும்மா. எடுத்தாலும் திரும்ப வரலாம். ஆனா நோயுள்ள கணுவை உள்ளேயே விட்டுட்டா, வர்ற வாய்ப்பு அதிகம்."

உங்கள் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "ஏனுங் டாக்டர், ஒரு பீசுல டேமேஜ் இருந்தா அந்தப் பண்டலையே பிரிச்சுப் பாக்கறதுதானுங்க எங்க வேலை. ஒண்ணும் விடாம எடுத்துப் பாருங்க. சத்தம் போனா போகுதுங்க."

விடிந்ததும் உள்ளே கொண்டுபோனார்கள். பொழுது சாயத்தான் வெளியே வந்தீர்கள். மூன்றாம் நாள் வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. பரிசோதனை முடிவு வந்த அன்று அந்த டாக்டரம்மா கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். எடுத்த கணுக்களில் இரண்டில் நோய் இருந்திருக்கிறது. அதில் ஒன்று பேச்சு நரம்பை ஒட்டியிருந்தது, ஸ்கேனில் தெரியாதது. அதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பின் அர்த்தம் எனக்கு மட்டுமே தெரியும். ஒரு லாட் துணியில் ஒளிந்திருந்த ஓட்டையைப் பிடித்துவிட்டால் சிரிப்பீர்களே, அதே சிரிப்பு.

எட்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தீர்கள். வயிறு சின்னதாகிவிட்டதால், ஒரு நாளைக்கான சாப்பாட்டை ஆறு பங்காகப் பிரித்து, சின்ன டப்பாக்களில் கொண்டுவருவீர்கள். "குரல் இல்லாம லைனை எப்படிங்க ஓட்டறது? செக்கிங்ல உக்காந்துக்குங்க" என்றார் மேனேஜர். "ஒரு வாரம் பாருங்க" என்று காற்றுக் குரலில் சொன்னீர்கள். நீங்கள் வளர்ந்த தறிக்கூடத்தில், எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. விரலை இப்படிச் சுழற்றினால் நூலை மாற்று, உள்ளங்கையைக் கவிழ்த்தால் வேகத்தைக் குறை. வாரம் முடிவதற்குள் லைன் முழுக்கக் கற்றுக்கொண்டது. பீகாரிலிருந்து வந்திருந்த பிள்ளைகள்தான் எல்லாரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். "இப்பதான் அக்கா பேசறது புரியுது" என்று அவர்களில் ஒருத்தி உடைந்த தமிழில் சொன்னபோது, நீங்கள் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். மேனேஜர் அதற்குப் பிறகு செக்கிங் பேச்சையே எடுக்கவில்லை.

அப்புறம் குரல் பாதி திரும்பியது, கரகரவென்று. அந்தக் குரலோடு ஒன்பது வருடம் இருந்தீர்கள், அக்கா. ஒவ்வொரு பரிசோதனைக்கும் நானும் கூட வந்தேன். ஐந்தாம் வருடம் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, அந்த டாக்டரம்மா எழுந்து வந்து உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டார். போன ஐப்பசியில் மாரடைப்பில் நீங்கள் போனபோதுகூட, எனக்கு அழுகையோடு ஒரு கர்வமும் வந்தது. அந்த நோயால் உங்களைக் கொண்டுபோக முடியவில்லை.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம், அங்கே பயந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் போய்ப் பேசுவீர்கள். என்னைக் காட்டி, "அன்னிக்கு டாக்டர் சொன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க. இந்தப் புள்ளதான் மேசைக்குக் கீழ எங் கையப் புடிச்சு அழுத்துச்சு. அதுலதான் தெம்பு வந்து எடுங்கன்னு சொன்னேன்" என்பீர்கள்.

நான் அழுத்தியது, வேண்டாம் என்று சொல்லத்தான் அக்கா. குரலை விட்டுவிடாதீர்கள், அந்தக் கணுக்கள் இருந்தால் இருக்கட்டும் என்று சொல்லத்தான். அந்தக் குரல் இல்லாத லைனை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீங்கள் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டீர்கள். ஒன்பது வருடமும் நான் திருத்தவில்லை. முதலில் வெட்கத்தால், பிறகு, நீங்கள் என்னைப் பற்றி அப்படிச் சொல்வதைக் கேட்கப் பிடித்திருந்ததால்.

இப்போது எங்கள் லைனில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன். டாக்டர் பேசும்போது அவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அழுத்துவதில்லை அக்கா, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.