தறிப் பக்கத்து டேபிள் ஃபேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நொய்டாவிலிருந்து குழலி. உங்கள் முட்டி வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்றேனே, அந்தக் கதைதான். ஆபீஸில் ஒரே லேப்டாப்புக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் ஓட்டிக் காட்ட வேண்டும். வேகமாக ஓடட்டும் என்று மெமரி முழுவதையும் உள்ளே இருப்பவற்றுக்கே கொடுத்தேன். அவற்றைச் சுமக்கிற லேப்டாப்புக்கு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படியே உறைந்துவிட்டது. எனக்கே சிரிப்பு வந்தது. குறைத்துக் கொடுத்தால் உள்ளே இருப்பவை எழுந்திருக்கவே இல்லை. மானேஜர் அந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். இனி எனக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை.

"லேப்டாப் சூடாவுதுன்னா சொல்லும்மா, தறியாண்ட இருக்கிற டேபிள் ஃபேனை லோகேஷ் கையில குடுத்து அனுப்புறேன்" என்றீர்கள். வேண்டாம். இங்கே வரும் நம் தெரு லோகேஷிடம் இட்லிப் பொடி கொடுத்தால் போதும். ஸ்டேஷனிலிருந்து நேராக என் அறைக்கு வரச் சொல்லுங்கள், தமிழ் பேசி நாளாயிற்று.

ஃபேனை அனுப்பாதீர்கள் அப்பா. உங்களுக்கென்று ஏதாவது மிச்சம் இருக்கட்டும்.

ஆபீஸில் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

குழலி