பளபளப்புக்கு அடியில்

என் அக்கா பெற்ற அறிவுச்சுடருக்கு,

நீ ஒரு வார்த்தைகூட நம்ப மாட்டாய் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் இந்தக் கதையை ஆரம்பிக்கிறேன்.

நான் பெயின்ட் அடித்துப் பளபளக்க வைத்த பழைய பட்டாள வண்டியைப் பார்த்து, “போருக்குப் போன மோட்டார் சைக்கிள் இப்படியா மினுமினுக்கும் மாமா? பெயின்டைச் சுரண்டுங்க, டேங்க்ல பட்டாள நம்பர் இருக்கும்” என்றாய். உனக்கென்ன தெரியும் என்று நான் கத்தினேன். ஆறு மாதமாகப் பேச்சில்லை.

போன வாரம் உப்புத்தாளை எடுத்தேன். நான் தேய்த்த தேய்ப்பில் கிளம்பிய பச்சைத் தூசியில் இரண்டு விமானங்கள் வழிதவறின. மூன்றாவது பூச்சுக்கு அடியில் வெள்ளை நம்பர் எட்டிப்பார்த்தது!

போன வருடம் “போலி வண்டி” என்று தள்ளிவிட்ட அதே பழைய வண்டிக் கண்காட்சி நடுவர், இந்த வருடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கிக்கரில் விட்டேன் ஓர் உதை. வண்டி உறுமியதில் அவர் தொப்பி பக்கத்து ஊரில் போய் விழுந்தது. முதல் பரிசு நமக்குத்தான்!

“நம்பரை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார்.

“நான் எங்கே கண்டுபிடிச்சேன்? என் மருமக அப்பவே சொன்னா. நான்தான் கேக்கலை.”

விமானமும் தொப்பியும் என் கைச்சரக்கு. பரிசைக்கூட நம்பாவிட்டால் போ. நடுவரிடம் சொன்ன அந்தப் பதில் மட்டும் நிஜம்.

உன் மாமன்