கோணாத தையல்

பாய்,

இன்று காலை பட்டறையைத் திறந்ததும் வழக்கம்போல ஆணியில் தொங்கும் பழுப்புப் பையைக் கழற்றினேன். தோல் வாசனை இன்னும் போகவில்லை. டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் உங்கள் தையலைப் பார்த்தேன். நடுவில் லேசாக நெளிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நெளிந்துதான் இருந்தது.

நீங்கள் மவுத்தாகி இரண்டு ரம்ஜான் போய்விட்டது. ஆனால் இந்தப் பையை உங்கள் முன்னால் நான் தூக்கி எறிந்தது மட்டும் நேற்று நடந்தது போல இருக்கிறது.

அன்று ஆர்டர் அனுப்பும் நாள். தாராவியில் நம் பத்துக்குப் பத்து அறையில் நாலு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"என்ன பாய் தச்சிருக்கிய? பாம்பு போன மாதிரி இருக்கு. பார்ட்டி மூஞ்சிலயே வீசிருவான்."

இருபது வருஷமாக உங்கள் தையலை நம்பித்தான் என் பட்டறை ஓடியது. அந்தப் புத்தி அப்போது எங்கே போனதோ. வேறு யாராக இருந்தாலும் மிஷினை ஆஃப் செய்துவிட்டு நடையைக் கட்டியிருப்பார்கள். நீங்களோ பையை எடுத்து, எவர்சில்வர் ஸ்கேலைத் தையலோடு ஒட்டி வைத்து என்னிடம் நீட்டினீர்கள்.

"இப்பம் பாருங்க அண்ணாச்சி."

"ஸ்கேலும்லா வளைஞ்சிருக்கு" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து உங்கள் உள்ளங்கையால் என் கண்களை ஒவ்வொன்றாகப் பொத்தினீர்கள். வலது கண்ணுக்கு ஸ்கேல் நேராக இருந்தது. இடது கண்ணுக்குத்தான் வளைந்தது. "சட்டைய மாத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றீர்கள்.

மாட்டுங்காவில் ஒரு கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரிய வைத்துப் பார்த்தார் டாக்டரம்மா. பல வருஷச் சர்க்கரையால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறதாம். கண்ணாடி மாற்றிப் பயனில்லை, மாதம் ஒன்றாகக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்றார். நான் செருப்பைத் தேடினேன்.

"நாள் பூரா ஊசிக்கு அடியிலதான வெரல வச்சிருக்கோம். இதுக்கா ஓடுதிய?" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தீர்கள்.

மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் ஊசி போட்டார்கள். கண்ணை அழுத்தினாற்போல இருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஊசிக்கும் உங்கள் மிஷினை மூடிவிட்டு என்னோடு வந்தீர்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஸ்கேல் நிமிர்ந்தது.

அன்றே எல்லோர் முன்னாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மத்ததெல்லாம் கெடக்கட்டும் அண்ணாச்சி. தையலச் சொன்னிய பாத்தியளா, அத மட்டும் வாபஸ் வாங்குங்க."

வாங்கினேன். பாய் என்னிடம் வேலை செய்தார் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பாயோடு வேலை செய்தேன் என்றுதான் சொல்வேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அந்தப் பையைப் பார்ட்டிக்கு அனுப்பாமல் நானே வைத்துக்கொண்டேன். கண்ணைச் சோதித்துக்கொள்ள டாக்டரம்மா கட்டம் போட்ட தாள் ஒன்று தந்தார். அது டிராயரில் கிடக்கிறது. எனக்கு உங்கள் பைதான்.

இன்று யாரும் என்னை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. நானே போனேன். மறுபடி கொஞ்சம் நீர் கோத்திருக்கிறதாம். ஊசியும் போட்டாயிற்று. "நல்ல வேளை, சீக்கிரமே வந்துட்டேள். எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார் டாக்டரம்மா. பையைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "பை பழசாகித் தையலே கோணிப் போயிருந்தா என்ன பண்ணுவேள்?"

"கோணாதும்மா" என்றேன். "அது எங்க பாய் தச்சது."